புது வேலையில் சேரும்போது: ஆர்டர் வாங்குவதிலிருந்து அறுப்பு லீவு வரை, டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் வேலை பழக்கிவிடுவது என் பொறுப்பு. வேலை பிடிபடாமல் விட்டுப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் வீட்டையும் ஆபீசையும் ஒரே நாளுக்குள் அடைக்க முடியாமல் போனவர்கள்.

அவர்கள் செய்ததில் முக்கால்வாசி வரிசைத் தவறு. "மொதல்ல வேலையில கால் ஊனிக்கறேன், அப்புறம் வீட்டப் பாத்துக்கலாம்" என்பார்கள். வாய்க்காலில் முதலில் தண்ணீர் எடுக்கும் தலைமடைக்காரர் என் தேவை தீரட்டும் என்று உட்கார்ந்தால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும் என்பது நமக்குத் தெரியாததா? முறை வைப்பதென்றால் பாய்ச்சத் தொடங்கும் முன்பே வைத்துவிட வேண்டும். அதனால் கீழே உள்ளவற்றில் பாதி, வேலையில் சேருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

1. ஆர்டர் கைக்கு வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள்

"திங்கக்கிழமை வந்துடுங்க" என்று போனில் சொன்னதை நம்பி ராஜினாமா எழுதியவர்களை எனக்குத் தெரியும். வேலை நியமன ஆர்டரை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில் வந்தாலும் போதும்.

வந்த ஆர்டரில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டு வாழ்க்கையைத் தீர்மானிப்பவை அதற்குக் கீழே உள்ள வரிகள்: வேலை நேரம், வார விடுமுறை எந்த நாள், வேறு ஊருக்கு மாற்றும் உரிமை உண்டா, விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இத்தனை வருஷம் விலகக் கூடாது என்று பாண்ட் ஏதாவது இருக்கிறதா. "கம்பெனி தேவைக்கேற்ப எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்" என்று ஒரு வரி இருந்தால் சேரும் முன்பே கேளுங்கள். நாகப்பட்டினத்துக்கு மாற்றினால் போவீர்கள், ஓசூருக்கு மாற்றினால்? வயதான அப்பா அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியாதவர்கள் இதைச் சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

2. காகிதங்கள்: ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

நம் ஊரில் இதில்தான் அதிக நாள் வீணாகிறது. காரணம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆதாரில் இனிஷியலே இருக்காது, வங்கிப் புத்தகத்தில் புள்ளி இடம் மாறியிருக்கும். நாலும் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கை ஆதாரோடு இணைக்கும்போது பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அதனால் ஆதார், பான், வங்கிப் புத்தகம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆதாரை முதலில் திருத்துங்கள், மற்றவற்றை அதற்கேற்ப மாற்றலாம். சேர்ந்த பிறகு இதற்கு ஓடினால், புது ஆளாக இருக்கும்போதே லீவு கேட்க வேண்டி வரும்.

முன்பே எங்காவது வேலை பார்த்திருந்தால் உங்களுக்கு யுஏஎன் என்ற பிஎஃப் எண் இருக்கும். ஆயுள் முழுவதும் அந்த ஒரே எண்தான். "எனக்கு பிஎஃப் எதுவும் கிடையாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புது எண் வாங்குவது பெரிய தவறு. பின்னால் இரண்டையும் சேர்க்க அலைய வேண்டும். பழைய கம்பெனி உங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் பதியாவிட்டால் இரண்டு மாதம் கழித்து நீங்களே பதிந்துகொள்ளலாம். அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருஷ சேவை வேண்டும், எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். என் முதல் வேலையில் "ஃபைலுக்கு வேணும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகிய பிறகு அதைத் திரும்ப வாங்க எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் ஒரு நல்ல வேலை கைவிட்டுப் போனது. யார் கேட்டாலும் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அசலை அவர்கள் கண் முன்னால் சரிபார்த்துத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பயணத்தை ஒரு திங்கட்கிழமை ஒத்திகை பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு "அரை மணி நேரம்தான்" என்று வந்து சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி வேன் இல்லை, மார்க்கெட் வண்டி இல்லை. வேலை நாளில், நீங்கள் கிளம்பப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். ரயில்வே கேட் போட்டிருந்தால் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணத்தைத் தாண்ட எவ்வளவு ஆகும் என்பதை அனுபவித்தவர்களிடம் கேளுங்கள்.

திரும்பி வரும் வழியையும் ஒத்திகை பாருங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான். காலையில் மூன்று ரயில் இருக்கும். சாயங்காலம் ஒன்றை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் போகும் கடைசி டவுன் பஸ் எப்போது என்பது உங்கள் வேலை நேரத்தின் உண்மையான எல்லை. அதைத் தெரிந்துகொண்டு ஆபீசில் சேருங்கள்.

ரயில் சீசன் டிக்கெட் எடுக்கும்போது முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். மூன்று மாத சீசன், மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்குதான், லாபம்தான். ஆனால் முதல் மாதத்தில் ரயிலா பஸ்ஸா என்பதே உங்களுக்கு நிச்சயமாக இருக்காது. சீசனை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம் கட்டுவீர்கள், வேகமான ரயில் காலியாக வருகிறதே என்று சபலப்படாதீர்கள். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஊரிலிருந்து ஸ்டேஷன் வரை அதில் வந்து, அங்கிருந்து ரயில் என்று பிரித்தால் செலவு குறையும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுத்தால் பதினேழரை மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். ஏழேகாலுக்குக் கிளம்பி ஏழே முக்காலுக்குத் திரும்பினால் பன்னிரண்டரை மணி நேரம் போய்விட்டது. மீதி ஐந்து மணி நேரம். அதில் காலை இரண்டேகால் மணி நேரம் சமையல், குளியல், டிபன் டப்பா, பிள்ளைகள். ஆக, வீட்டு மனிதர்களோடு இருக்க உங்களுக்கு இரவில் இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது. இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவுக்கும் இதுதான் அளவு.

4. கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்று வீட்டில் சொல்லுங்கள்

ஆர்டரில் 18,000 என்று இருந்தால் வீட்டில் 18,000 என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி அப்பா சீட்டு கட்டுவார், தம்பிக்குக் கல்லூரிப் பணம் ஒப்புக்கொள்ளப்படும். முதல் மாதம் கையில் வருவது வேறு.

அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் அதில் 12 சதவீதம், 1,440 ரூபாய். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,425. இது தவிர உள்ளாட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள். அந்த மாதம் குறைந்து வந்தால் பதறி கணக்குப் பிரிவுக்கு ஓடி வராதீர்கள். அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

ஈஎஸ்ஐ பிடிப்பதைக் குறையாக நினைக்கிறவர்கள் அதிகம். உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு. சேர்ந்த வாரமே குடும்ப விவரத்தைப் பதிந்து, மருந்தகத்தை ஆபீஸ் பக்கத்தில் அல்லாமல் வீட்டுக்குப் பக்கத்தில் தேர்ந்தெடுங்கள். மருந்து வாங்கப் போகப்போவது அப்பா, நீங்கள் அல்ல.

முதல் மூன்று மாதம் தவணை எதுவும் தொடங்காதீர்கள். வேலை கிடைத்த வாரமே பைக் எடுக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வேலை பிடிக்காவிட்டாலும் விட முடியாமல் உங்களைக் கட்டிப்போடுவது அந்தத் தவணைதான். கைமாற்று கேட்டு வரும் சொந்தக்காரர்களுக்கு "இன்னும் கன்ஃபர்ம் ஆகலை" என்பது நல்ல பதில். உண்மையும்கூட.

5. இரண்டு நாள்காட்டிகளை ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆணி அடித்து மாட்டும் தினசரிக் காலண்டர் வேண்டாம். பன்னிரண்டு மாதமும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய தாள். முதலில் வீட்டுக் கணக்கை எழுதுங்கள்.

நிலம் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். குறுவை என்றால் ஜூன், ஜூலையில் நடவு, செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. அதே வயலில் தாளடி என்றால் அறுத்த கையோடு மறுபடி நடவு, பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பு. சம்பா ஒன்று மட்டும் என்றால் ஆகஸ்டில் தொடங்கி தையில் அறுப்பு. இதில் நீங்களே நேரில் நிற்க வேண்டிய நாள் எது, அப்பாவோ குத்தகைக்காரரோ பார்த்துக்கொள்ளக் கூடியது எது என்று பிரியுங்கள். நடவுக்கு நீங்கள் நிற்க வேண்டியதில்லை. அறுப்பு மெஷின் வரும் நாளும், நெல்லை டிபிசியில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) போடும் நாளும் யாராவது ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டால் மறுபடி காயவைத்து மறுபடி நிற்க வேண்டும். ஒரு நாள் என்று நினைத்தது நான்கு நாளாகும். அந்த இழுபறிக்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

ஆபீஸ் நேரத்தில் மட்டுமே முடிகிற வீட்டு வேலைகள் இருக்கின்றன. சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள், விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) கையெழுத்து, கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு. சம்பாவுக்குக் காப்பீடு கட்டக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். கடைசி வாரம் எல்லாரும் அடங்கலுக்கு வரிசையில் நிற்பார்கள். அக்டோபரிலேயே அரை நாள் லீவில் முடித்துவிட்டால் நவம்பரில் ஒரு முழு நாள் மிச்சம்.

பிறகு விசேஷங்கள். குலதெய்வத்துக்குக் காப்புக் கட்டுவது எப்போது, பொங்கல், தீபாவளி, நாத்தனார் வீட்டுச் சடங்கு. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, நீங்கள் போகாவிட்டாலும் அந்தப் பதினோரு நாள் நாகப்பட்டினம் பக்கம் பஸ்ஸிலும் ரயிலிலும் கால் வைக்க இடம் இருக்காது. அதையும் குறியுங்கள். 2028-ல் மகாமகம். கும்பகோணத்தில் வீடு இருப்பவர்கள் அந்த மாசியில் லீவு போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான், வீட்டுக்குள் நுழைய சொந்தக்காரர்களைத் தாண்டி வர வேண்டும்.

இப்போது அதே தாளில் வேறு நிறத்தில் ஆபீஸ் தேதிகள். கணக்குப் பிரிவு என்றால் மாதாமாதம் கடைசித் தேதிகள்: 7 டிடிஎஸ் (பிடித்த வருமான வரி), 11-ம் 20-ம் ஜிஎஸ்டி, 15 பிஎஃப், ஈஎஸ்ஐ. மார்ச் முழுதும் வருஷக் கணக்கு முடிப்பு. ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய மாதமும் முகூர்த்த மாதங்களும். பள்ளி என்றால் தேர்வுகள். உங்கள் துறையின் நெருக்கடி நாள் எது என்று பழைய ஆள் ஒருவரிடம் கேளுங்கள், பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இரண்டு நிறமும் ஒரே கட்டத்தில் விழும் இடங்களைப் பாருங்கள். எனக்கு ஜனவரி 20 அப்படி. அறுப்பும் ஜிஎஸ்டியும் மோதும். வருஷத்தில் நான்கைந்து இடம்தான் இப்படி இருக்கும். அந்த நான்கைந்துக்கு மட்டும் முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்துவிட்டால் வருஷம் முழுக்கப் பரபரக்க வேண்டியதில்லை.

எந்த மாதத்தில் எதுவும் மோதவில்லை என்றும் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. யாருக்காவது பதிலாக வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், பயிற்சிக்குத் திருச்சி போக வேண்டும் என்றால் நீங்களாகவே அந்த மாதங்களில் கை தூக்குங்கள். தையில் லீவு கேட்கும்போது அந்தக் கை நினைவில் இருக்கும்.

6. லீவு எத்தனை என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள்

"கேட்டா தப்பா நெனைப்பாங்க" என்று மூன்று மாதம் கேட்காமல் இருக்கிறார்கள். மேலாளரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் கணக்குப் பிரிவில் கேளுங்கள், எங்களுக்கு இது தினசரி கேள்வி.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தற்செயல் விடுப்பு 12, உடம்பு முடியாமல் போனால் 12. ஓராண்டு முடித்த பிறகு சம்பளத்தோடு இன்னும் 12 நாள். இது தவிர, 1958-ல் வந்த சட்டம் ஒன்றின்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைக்காக ஐந்து நாளும் விடுமுறை. அந்த ஐந்து எவை என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் ஆபீசில் மாட்டுப் பொங்கல் அதில் இருக்கிறதா இல்லையா என்று இப்போதே பார்த்து உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜவுளிக்கடையில், நகைக்கடையில் சேருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இதே சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்வது சலுகை அல்ல.

7. முதல் வாரம்: வாயைக் கொஞ்சமாகவும் நோட்டை நிறையவும் திறங்கள்

சின்ன நோட்டு ஒன்று. சொன்னதை அன்றே எழுதுங்கள். ஒரே விஷயத்தை இரண்டாவது முறை கேட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நான்காவது முறை கேட்டால் அடுத்த மேஜைக்காரர் உங்கள் வேலையை அவரே செய்துவிடுவார். அது உதவி மாதிரி இருக்கும், உண்மையில் உங்களுக்கு அந்த வேலை வராமலே போகும். பிறகு அவர் லீவு போட்ட அன்று நீங்கள் இரவு ஒன்பது வரை உட்கார வேண்டியிருக்கும்.

புதிய ஆள் செய்கிற பெரிய தவறு, எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. முதல் வாரத்தில் ஏழு மணி வரை இருந்து காட்டினால் ஏழு மணிதான் உங்கள் நேரம் என்று ஆகிவிடும். எட்டாவது வாரம் ஆறு மணிக்குக் கிளம்பினால் "என்ன, இன்னிக்கு சீக்கிரம்?" என்பார்கள். அவர்கள் மேல் தவறில்லை, பழக்கியது நாம்தான். முதல் நாளிலிருந்தே உங்கள் ரயில் நேரத்தைத் தெரியப்படுத்துங்கள். அவசரம் என்றால் இருங்கள், இருந்துவிட்டு "இன்னிக்கு அடுத்த வண்டியில போறேன்" என்று சொல்லிவிட்டு இருங்கள். அது விதிவிலக்கு என்பது எல்லாருக்கும் பதிய வேண்டும்.

அட்டெண்டர், டிரைவர், பெருக்க வரும் அம்மா எல்லாரையும் முதல் நாளே அண்ணே, அக்கா என்று அழைத்துப் பழகுங்கள். ரயில் தாமதம் என்று போன் செய்தால் முதலில் எடுப்பது அவர்கள்தான்.

8. மேலாளரிடம் எப்படிச் சொல்வது

மூன்றாவது வாரம் சரியான நேரம். முதல் வாரம் என்றால் இவர் லீவுக்கு வந்தவரா வேலைக்கு வந்தவரா என்று தோன்றும். மூன்று மாதம் கழித்து என்றால் மறைத்த மாதிரி ஆகும்.

பலரும் சொல்வது இப்படி: "சார், எங்க வீட்ல கொஞ்சம் விவசாயம் இருக்கு, அப்பப்ப லீவு வேணும்." இதைக் கேட்ட எந்த மேலாளருக்கும் வயிற்றில் புளிதான் கரையும். அப்பப்ப என்றால் எப்போது, கொஞ்சம் என்றால் எவ்வளவு?

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், எங்களுக்கு மூணு ஏக்கர் சம்பா. தையில அறுப்பு. மெஷின் வர்ற அன்னிக்கு ஒரு நாள், நெல்லு போடற அன்னிக்கு ஒரு நாள், மொத்தம் ரெண்டு நாள் வேணும். தேதி இப்ப சொல்ல முடியாது, ஆனா ரெண்டு நாள் முன்னாடி சொல்லிடுவேன். இருபதாம் தேதியில விழுந்தா அப்பாவ நிக்க வெச்சுட்டு நான் வந்துடறேன்."

எத்தனை நாள், எந்த மாதம், எவ்வளவு முன்னறிவிப்பு, மோதினால் என்ன செய்வேன். நான்கும் அதில் இருக்கின்றன. மறுக்க அவருக்குக் காரணம் கிடைக்காது. அப்பா அம்மாவின் டயாலிசிஸ், பிள்ளையின் பிசியோதெரபி எதுவானாலும் இதே அமைப்பில் சொல்லலாம்.

நான் இது தெரியாமல் நடந்துகொண்ட வருஷம் ஒன்று உண்டு. அறுப்பன்று காலை "காய்ச்சல்" என்று போன் செய்துவிட்டுக் களத்தில் நின்றேன். எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் அதே டிபிசிக்கு மாமனார் நெல்லோடு வந்து சேர்ந்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. டெல்டாவில் பொய்க் காய்ச்சல் போடாதீர்கள், எல்லா ஊரிலும் எல்லாருக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்.

9. வீட்டிலும் ஒரு முறை வையுங்கள்

ஆபீசில் பேசிய அதே தெளிவோடு வீட்டில் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. "அவங்களே புரிஞ்சுப்பாங்க" என்று விடுகிறோம். அந்த இரண்டே முக்கால் மணி நேரக் காகிதத்தை எடுத்து நடுவில் வையுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது: காலை ஏழேகாலுக்கு நான் கிளம்பினால் எட்டரை மணி வேனில் பிள்ளையை ஏற்றுவது யார்? மாமியாரா, கணவரா, பக்கத்து வீட்டு அக்காவா? ஒரு பெயர் போதாது, அவருக்கு முடியாத நாளில் இரண்டாவது பெயர் வேண்டும். கணவர்மார்களே, "நான் இருக்கேன்ல" என்று பொதுவாகச் சொல்வது ஏற்பாடு ஆகாது. செவ்வாயும் வியாழனும் என்று நாளைச் சொல்லுங்கள்.

"அத்தை, காலைல குழம்பு மட்டும் நான் வெச்சுட்டுப் போறேன், சாதம் நீங்க வடிச்சுக்குங்க" என்று முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் மூன்று மாதம் நாலு மணிக்கு எழுந்துவிட்டு நான்காம் மாதம் வெடிப்பதைத்தான் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் பாதியை யாருக்கும் ஒப்புக்கொடுக்காதீர்கள். வாரம் முழுக்கத் தள்ளிவைத்த துணி, ரேஷன், மாவரைப்பு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை தலையில் கட்டினால் அது ஏழாவது வேலை நாள். மாவைச் சனிக்கிழமை இரவு முடியுங்கள், ரேஷனுக்கு வீட்டில் வேறு ஒருவர் போகட்டும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஒன்றுமே எழுதாமல் விடுங்கள். தூங்குங்கள்.

10. போன்

வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு ஒரு செய்தி வந்தால் புதியவர்கள் உடனே "ஓகே சார்" போடுவார்கள். அடுத்த முறை அதே நேரத்தில் உங்களிடமே கேட்பார்கள். ஒன்பதுக்கு மேல் வந்ததற்குக் காலை ரயிலில் உட்கார்ந்து பதில் போடுங்கள். உண்மையிலேயே தலை போகிற காரியம் என்றால் அழைப்பார்கள், அப்போது எடுங்கள்.

வீட்டாருக்கும் இதே விதி. "சாப்டியா?" என்று மூன்று முறை அழைக்கும் அம்மாவுக்கு மதிய இடைவேளையில் நீங்களே ஒரு முறை அழைத்துவிட்டால் மற்ற நேரம் போன் அமைதியாக இருக்கும்.

11. அடைமழைக்கு முன்பே தயாராகுங்கள்

ஜூனில் சேர்ந்தவருக்கு அக்டோபர் ஐப்பசி மழையில்தான் முதல் சோதனை. மூன்று விஷயம்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தார் என்றால் அது பொதுவாகப் பள்ளி, கல்லூரிகளுக்கு. தனியார் ஆபீசுக்கு அல்ல. பிள்ளை வீட்டில், நீங்கள் ஆபீசில். வருஷா வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இப்படிப் பல நாள் வரும், காலை ஆறரைக்குத்தான் தெரியும். ஒன்பதாம் படியில் எழுதிய இரண்டாவது பெயர் இதற்குத்தான்.

ஆபீஸ் டிராயரில் ஒரு செட் துணியும் ஒரு ஜோடி செருப்பும் வையுங்கள். நனைந்த துணியில் நாள் முழுக்க உட்கார்ந்து காய்ச்சல் வந்தால் போவது ஒரு நாள் அல்ல, மூன்று நாள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கடலோரக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. ஆபீசுக்குச் சேதி சொல்ல வழியில்லாமல் வேலையே போய்விட்டதோ என்று பயந்தவர்கள் உண்டு. வேறு பக்கத்தில் இருக்கும் ஒரு சக ஊழியருக்கு உங்கள் வீட்டுக்காரர் எண், ஊரில் இன்னொருவர் எண் இரண்டையும் கொடுத்து வையுங்கள். எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் நோட்டிலும் எழுதுங்கள்.

12. தொண்ணூறாவது நாள்

மூன்று மாதம் முடியும் வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யுஏஎன் பாஸ்புக்கைத் திறந்து மூன்று மாதப் பணமும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருப்பார்கள், கணக்கில் ஏறியிருக்காது, அப்படியும் நடக்கும். நாமினியைப் பதியுங்கள். இடையில் கல்யாணம் ஆகியிருந்தால் மறுபடி பதியுங்கள்.

பயிற்சிக் காலம் முடிந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். "நீங்க நம்ம ஆளுதானம்மா" என்பது எழுத்து ஆகாது.

பிறகு அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். சொன்னபடி எத்தனை நாள் ஏழே முக்காலுக்கு வீட்டில் இருந்தீர்கள்? மாதம் இரண்டு மூன்று நாள் தவறினால் சாதாரணம். வாரம் மூன்று நாள் தவறினால் வேலையின் அளவைக் குறைக்கவோ நேரத்தை மாற்றவோ மேலாளரிடம் இப்போதே பேசுங்கள். மூன்று மாதத்துக் குறிப்பு கையில் இருக்கும்போது பேச்சு குற்றச்சாட்டாகாமல் கணக்காக இருக்கும். பேசியும் மாறவில்லை என்றால், தவணை எதுவும் எடுக்காமல் வைத்திருந்தது இப்போது உதவும். அடுத்த ஆர்டர் கைக்கு வந்த பிறகு விலகலாம்.

சரியாக வந்திருந்தால், கன்ஃபர்மேஷன் எழுத்து கிடைத்த அன்று சாயங்காலமே கவுண்டரில் நின்று மூன்று மாத சீசன் எடுத்துவிடுங்கள்.